தசை வளர்க்கப் பயறும் கொட்டையும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் துவரம் பருப்பும் பருப்புதான், முந்திரிப் பருப்பும் பருப்புதான். கொண்டைக்கடலையும் கடலை, வேர்க்கடலையும் கடலை. பேச்சில் இதனால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் உடற்பயிற்சி தொடங்கி, "இனி புரதம் நிறைய எடுக்கணும்" என்று முடிவெடுத்த முதல் வாரத்தில் இந்தப் பெயர் ஒற்றுமை பலரைக் குழப்பிவிடுகிறது. பாதாமை இரண்டு மூன்று பிடி சாப்பிட்டுவிட்டு அன்றைய புரதக் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதத்தில் எடை ஏறிவிடும். ஏறியதில் பெரும்பங்கு இடுப்பில் இருக்கும்.

அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடியிலிருந்து வரும் உணவை வைத்துத் தசை வளர்க்க வேண்டுமானால், புரதத்தின் பெரும்பகுதி பயறு, பருப்பு, சோயாவிலிருந்து வர வேண்டும். பாதாம், முந்திரி, வால்நட், வேர்க்கடலை எல்லாம் நல்ல உணவுகள், ஆனால் அவை முதன்மையாகக் கொழுப்பு உணவுகள். புரதம் அவற்றோடு கூட வருகிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் அளவும் சமையலும்தான்.

முதல் படி: உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

சாதாரணமாக வாழ ஒரு பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். எடை தூக்கித் தசை வளர்ப்பவருக்கு அது போதாது. இதுவரை நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் பெரும்பாலானோருக்குப் பலன் கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் எடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம்.

உங்கள் எடை 60 கிலோ என்றால் 60ஐ 1.6ஆல் பெருக்குங்கள்: 96 கிராம். இதுதான் உங்கள் இலக்கு. உடலில் கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் இப்போதைய எடையை வைத்துப் பெருக்க வேண்டாம், அடைய நினைக்கும் எடையை வைத்துப் பெருக்குங்கள். இல்லாவிட்டால் இலக்கு தேவையில்லாமல் பெரிதாகிப் பயமுறுத்தும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பயிற்சி இல்லாமல் புரதத்தை மட்டும் கூட்டினால் தசை வளராது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்க வேண்டும். தூக்கும் எடையையோ எண்ணிக்கையையோ மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது புரதத்தைக் கேட்கும்.

இரண்டாம் படி: 20 கிராம் புரதத்துக்கு எத்தனை கலோரி?

ஒரு வேளைக்கு 20 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடவே வரும் கலோரி மாறுகிறது. சோயா உருண்டை, அதாவது கடைகளில் மீல்மேக்கர் என்று கேட்டு வாங்குவது, காய்ந்த எடையில் 40 கிராம் போதும். ஏறக்குறைய 140 கலோரி. மைசூர் பருப்பு 80 கிராம், ஏறக்குறைய 285 கலோரி. கொண்டைக்கடலை 100 கிராம், 370 கலோரி. வேர்க்கடலைக்கு வந்தால் 80 கிராமுக்கு 450. பாதாம் 95 கிராம், 550. முந்திரி 110 கிராம், 600க்கு மேல். வால்நட்டில் அதே 20 கிராமை எட்ட 130 கிராம் சாப்பிட வேண்டும், கலோரி 850ஐத் தாண்டிவிடும்.

96 கிராம் இலக்கு உள்ளவர் முழுவதையும் பாதாமிலிருந்து எடுக்க நினைத்தால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 450 கிராம், தினமும் சாப்பிட வேண்டும். அதிலேயே 2,600 கலோரி. சோறும் காய்கறியும் பழமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

வேர்க்கடலையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தாவரவியல்படி அது கொட்டையல்ல. மண்ணுக்குள் காய்க்கும் பயறு வகை, கொண்டைக்கடலைக்கும் அவரைக்கும் உறவு. புரதமும் 100 கிராமில் 25 கிராம், எந்தக் கொட்டையையும் விட அதிகம். ஆனால் பாதி எடை எண்ணெய். ஆகவே சமையலறைக் கணக்கில் அதைக் கொட்டைகளோடு வைப்பதே சரி.

மூன்றாம் படி: காய்ந்த எடையா, வெந்த எடையா?

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேராவது இங்கே தவறிவிடுகிறார்கள்.

பாக்கெட்டின் பின்புறம் "100 கிராமில் 20 கிராம் புரதம்" என்று அச்சிட்டிருப்பது காய்ந்த கொண்டைக்கடலைக்கு. நீங்கள் தட்டில் போட்டுக்கொள்வது வெந்த கடலை. 100 கிராம் காய்ந்த கடலை ஊறி வெந்ததும் 220 முதல் 250 கிராம் வரை வரும். கூடியது முழுக்கத் தண்ணீர். புரதம் அதே 20 கிராம்தான். அதனால் வெந்த கடலை 100 கிராமில் இருப்பது 9 கிராம் அளவே. வெந்த பருப்பு, வெந்த ராஜ்மா எல்லாமே இதே கணக்கில், 7 முதல் 9 கிராம். வெந்த சோயா பீன்ஸ் மட்டும் விதிவிலக்கு, 17 கிராம் அளவுக்கு வரும்.

இந்தக் குழப்பத்துக்கு எளிய வழி, எப்போதும் ஊறவைக்கும் முன்பே எடை போட்டுவிடுவது. சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிச் சமையலறை மேடையில் வையுங்கள். இரண்டு வாரம் நிறுத்துப் பழகினால் போதும், அதற்குப் பிறகு கண்ணே அளவு சொல்லிவிடும். பருப்பைத் தண்ணீராகக் கரைத்துக் குடிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒரு கிண்ணத்தில் எத்தனை கிராம் காய்ந்த பருப்பு போயிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 15, 20 கிராம்தான் இருக்கும். அதில் புரதம் நாலைந்து கிராம். குடிக்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் தசைக்கு அது போதாது.

நான்காம் படி: ஊறவைத்தலும் வேகவைத்தலும்

இதை அவசரமில்லாமல் படியுங்கள். பயறு சாப்பிடத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் விட்டது சுவையால் அல்ல, வயிற்றால்.

முழுப் பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. உடையாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும்போது அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும். அதனால்தான் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று சொல்கிறோம்.

கொண்டைக்கடலை, ராஜ்மா, சோயா பீன்ஸ் ஆகியவற்றுக்கு 8 முதல் 12 மணி நேரம். பாசிப்பயறு, தட்டைப்பயறுக்கு 6 மணி நேரம் போதும். உடைத்த பருப்புகளுக்கு அரை மணி நேரம், அதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பயறைப் போல மூன்று பங்கு தண்ணீர் ஊற்றுங்கள், குறைவாக ஊற்றினால் மேலே உள்ளவை காய்ந்தே கிடக்கும். வெக்கையான நாட்களில் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் நுரைத்துப் புளித்திருக்கும்.

ஊறியதா என்று மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கடலையை எடுத்துக் கத்தியால் நடுவில் பிளந்து பாருங்கள். உள்ளே முழுவதும் ஒரே நிறமாக, ஈரமாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் சுண்ணாம்புப் பொட்டு போல ஒரு வெளிறிய புள்ளி தெரிந்தால் தண்ணீர் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தக் கடலையை எத்தனை விசில் விட்டாலும் ஓரம் குழையும், நடு மட்டும் பல்லில் நறநறக்கும்.

வெந்ததைச் சோதிக்க விரலே போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். இரண்டாகப் பிளந்து துள்ளினால் இன்னும் வேக வேண்டும். அடுப்பில் இருக்கும்போது புளி, தக்காளி, எலுமிச்சை என்று புளிப்பு எதையும் சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் பயறு இளகாமல் அப்படியே நின்றுவிடும். வெந்த பிறகு தாராளமாகச் சேர்க்கலாம், அதனால் ஒரு நன்மையும் உண்டு. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவும். தேநீர், காபியை மட்டும் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அவை அந்த இரும்பைத் தடுக்கும்.

ராஜ்மாவில் விளையாட வேண்டாம். அதில் உள்ள லெக்டின் என்ற ஒருவகைப் புரதம், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் நஞ்சு. நாலைந்து விதைகளே சில மணி நேரத்தில் கடும் வாந்தியை வரவழைக்கப் போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க விட வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவை நேராகப் போடக் கூடாது. கொதிநிலைக்கு வராத சூடு அந்த நஞ்சை அழிக்காது. பிரஷர் குக்கர் பாதுகாப்பானது.

முளைகட்டிய பயறு பற்றியும் கேட்பீர்கள். தாதுக்களை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டிக் அமிலம் முளைகட்டும்போது குறையும், அதனால் துத்தநாகமும் இரும்பும் கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் புரதம் கூடிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இருந்த புரதம்தான் இருக்கும், தண்ணீர் சேர்ந்ததால் 100 கிராமுக்கு உள்ள அளவு குறைந்தே தெரியும். ஈரமும் கதகதப்பும் பயறுக்கு மட்டுமல்ல, கிருமிகளுக்கும் வசதி. 2011ல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளையை ஆவியில் வேகவைத்தோ நன்கு வதக்கியோ சாப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: வயிற்றுக்கு நேரம் கொடுங்கள்

நான் தொடங்கியபோது செய்த தவறை இங்கே எழுதுவது, நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. முதல் நாளே 150 கிராம் காய்ந்த கடலையை வேகவைத்து இரண்டு வேளையாகச் சாப்பிட்டேன். அன்றிரவு வயிறு பறை போல இறுகிவிட்டது. மறுநாள் குனிந்து எடை தூக்க முடியவில்லை, பயிற்சியும் இரண்டு நாள் போயிற்று. எனக்குப் பயறு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக் கிட்டத்தட்ட ஒரு மாதம் அதைத் தொடவேயில்லை. ஒத்துக்கொள்ளாதது பயறு அல்ல, அந்த வேகம்.

பிறகு திரும்பத் தொடங்கியது ஒரு நாளைக்கு 20 கிராமில். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் வாரம் உடைத்த பருப்பு மட்டும், அதுவும் ஒரு வேளை. தோல் நீக்கிய பாசிப்பருப்பும் மைசூர் பருப்பும் வயிற்றுக்கு மிக எளிது. இரண்டாம் வாரம் 20 கிராம் முழுப் பயறு சேருங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை 10 கிராம் கூட்டுங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள், நார்ச்சத்து ஏறி நீர் ஏறாவிட்டால் மலச்சிக்கல் வரும். மூன்று நாலு வாரத்தில் குடல் பழகிவிடும். அந்த வாரங்களில் புரதக் குறையை மீல்மேக்கர், டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்யும் பனீர் போன்றது) போன்றவற்றால் நிரப்பலாம். டோஃபுவில் அந்தச் சர்க்கரைகள் பெரும்பாலும் செய்முறையிலேயே வெளியேறிவிடும்.

பயறுப் புரதம் "முழுமையற்றதா"?

இந்தக் கேள்வியால் பலர் தயங்குகிறார்கள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 அமிலங்களை உடலால் செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வர வேண்டும். பயறில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசி, கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் லைசின் குறைவு, மெத்தியோனின் போதுமான அளவு. இரண்டும் உணவில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் சரி. சோயாவில் இந்தக் குறை மிகச் சிறிது.

கவனிக்க வேண்டிய இன்னொரு அமிலம் லூசின். தசை கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் பொத்தான் அது. பால் புரதத்தில் 10 சதவீதம் அளவுக்கு இருக்கும், பயறுகளில் 7, 8 சதவீதம். பயறின் செரிமானமும் சற்றுக் குறைவு. இதற்குத் தீர்வு கூடுதலாகச் சாப்பிடுவதுதான். முட்டை, பால் சாப்பிடுபவர் ஒரு வேளைக்கு 20 கிராம் புரதம் எடுத்தால், செடி உணவை மட்டும் நம்புபவர் 25 முதல் 30 கிராம் எடுக்கட்டும்.

இப்படிச் செய்தால் பலன் உண்டா என்றால், உண்டு. 2021ல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் செடி உணவு மட்டும் உண்ணும் இளைஞர்களையும் எல்லாம் உண்ணும் இளைஞர்களையும் 12 வாரம் காலுக்கான எடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரு குழுவுக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், ஒரு பக்கம் சோயாப் பொடியும் மறுபக்கம் பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதமும் சேர்த்து. தசை வளர்ச்சியிலும் வலிமையிலும் இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. மொத்த அளவு எட்டப்பட்டதுதான் அங்கே முக்கியம்.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும் என்ற பயமும் உண்டு. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற பொருட்கள் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற வடிவம் கொண்டவை, அதே பொருள் அல்ல. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவற்றில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் தெரியவில்லை. வழக்கமான அளவில் தயங்காமல் சாப்பிடுங்கள்.

ஆறாம் படி: கொட்டைகளுக்கு ஒரு பிடி

தினமும் 30 கிராம், அதிகம் போனால் 45. பாதாமில் 23 எண்ணினால் ஏறக்குறைய 28 கிராம். அதில் 6 கிராம் புரதம், 160 கலோரி, மக்னீசியம், வைட்டமின் ஈ, நல்ல கொழுப்பு. எடை ஏறாமல் தவிக்கும் ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்குக் கொட்டை வரப்பிரசாதம், சின்ன அளவில் நிறையச் சக்தி தருவதால். அவர்கள் 60 கிராம் வரை போகலாம். எடை குறைத்துக்கொண்டே தசை வைக்க நினைப்பவர்கள் 15, 20 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டிலிருந்து நேராக வாய்க்குப் போகக் கூடாது. ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போது பின்புறம் திருப்பிப் பாருங்கள். கடலை, உப்பு தவிர வேறெதுவும் இல்லாததே நல்லது. இரண்டு மேசைக்கரண்டியில் 7, 8 கிராம் புரதமும் 190 கலோரியும் வரும்.

வேர்க்கடலையில் சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது, கசப்பது எதையும் விழுங்காதீர்கள், துப்பிவிடுங்கள். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலுக்குக் கொடியது, வறுத்தாலும் முழுதாக அழியாது. 1960ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் கலந்த பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைத் தேடிப் போய்த்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள்.

ஏழாம் படி: ஒரு நாளைச் சேர்த்துப் பார்ப்போம்

60 கிலோ எடையுள்ளவரின் 96 கிராம் எப்படி வருகிறது என்று பாருங்கள், எல்லாம் காய்ந்த எடையில். அரிசியும் கோதுமையும் சேர்த்து 250 கிராம், அதில் 24 கிராம் புரதம். தானியத்தின் பங்கைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, எடுங்கள். கொண்டைக்கடலை 80 கிராம், 16. பருப்பு 60 கிராம், 14. மீல்மேக்கர் 50 கிராம், 25. வேர்க்கடலை 30 கிராம், 8. பாதாம் 15 கிராம், 3. இதுவரை 90. காய்கறியும் ஒரு கோப்பை பாலோ சோயா பாலோ மீதியை நிரப்பிவிடும். கலோரி 1,800 சொச்சம், எண்ணெயும் பழமும் சேர்த்தால் 2,200 பக்கம்.

மூன்று நாலு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஓட வேண்டாம், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் போதும். பயிற்சிக்குச் சற்று முன்னால் மட்டும் முழுப் பயறு வேண்டாம், வயிறு கனத்துவிடும்.

வாரத்தில் இரண்டு நாள் மொத்தமாக வேகவைத்து வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வைத்தால் இந்தப் பழக்கம் நிலைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் 3, 4 நாள் தாங்கும், உறைய வைத்தால் மாதக்கணக்கில்.

செடி உணவு மட்டும் உண்பவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையை விட்டுவிடக் கூடாது. பயறிலும் கொட்டையிலும் அது இல்லை.

இவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் ஃபாவா பீன்ஸ் என்ற பெரிய அவரை வகையைத் தொடவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். வேர்க்கடலை, கொட்டை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டில் இருந்தால் முழுக் கொட்டைகளை எட்டாத உயரத்தில் வையுங்கள், தொண்டையில் சிக்கும்.

நான்கு வாரம் கழித்து

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தொப்புள் உயரத்தில் இடுப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் தூக்கும் எடையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு வாரம் 150 முதல் 300 கிராம் வரை ஏறுவது சரியான வேகம்.

எடையும் ஏறவில்லை, தூக்கும் அளவும் கூடவில்லை என்றால் சாப்பாடு பற்றவில்லை. 200 கலோரி கூட்டுங்கள், அதற்குக் கொட்டைதான் எளிய வழி. எடை ஏறுகிறது, இடுப்பும் வேகமாக ஏறுகிறது என்றால் முதலில் கொட்டையையும் எண்ணெயையும் குறையுங்கள். பயறின் அளவில் மட்டும் கை வைக்காதீர்கள்.